கணினி திறக்க ஏன் இவ்வளவு நேரம்?

பொதுவாக ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் பிடித்தம் செய்த வருமான வரியைச் செலுத்த வேண்டும். 15ஆம் தேதிக்குள் வருங்கால வைப்பு நிதி. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோருக்கு 20ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி. இந்தத் தேதிகளில் வணிக நிறுவனங்களின் கணக்குப் பிரிவு எத்தகைய பரபரப்பில் இருக்கும் என்பதை எங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய ஒரு காலை வேளையில் ஊழியர் தம் கணினியில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்கிறார். திரையில் சிறு வட்டம் சுழல்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். அதற்குள் அவர் எழுந்து தேநீர் அருந்திவிட்டே வந்துவிடுகிறார்.

பத்து கணினிகளுக்கு மேல் வைத்திருக்கும் பல அலுவலகங்களில் இது அன்றாட வழக்கமாகிவிட்டது. "கணினி பழையது, அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் சமாதானம் அடைந்துவிடுகிறார்கள். ஆனால் அதன் விலையைச் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். இருபது பேர் பணிபுரியும் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் காலையில் ஆறு நிமிடம் காத்திருந்தால் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வீணாகிறது. மாதத்தில் 25 வேலை நாட்கள் என்று கொண்டால் 50 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்னும் கணக்கில், ஓர் ஊழியரின் ஆறு நாள் உழைப்புக்கும் மேலான நேரம் ஒவ்வொரு மாதமும் அந்தச் சுழலும் வட்டத்தில் கரைகிறது.

வங்கியாளர்களாகிய எங்களுக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. காத்திருக்கப் பொறுமை இல்லாதபோது மனிதர்கள் குறுக்குவழி தேடுகிறார்கள். காலையில் முதலில் வருபவர் தம் பெயரில் ஒரு கணினியைத் திறந்து வைக்கிறார். மாலை வரை நால்வர் அதே பெயரில் வேலை செய்கிறார்கள். மதிய உணவுக்குச் செல்லும்போது கணினியைப் பூட்டுவதில்லை. பூட்டினால் மீண்டும் திறக்க நேரமாகுமே என்னும் அச்சம். கடவுச்சொல் ஒரு சிறு தாளில் எழுதப்பட்டுத் திரையின் ஓரத்தில் ஒட்டப்படுகிறது. நிறுவனத்தின் இணைய வங்கிக் கணக்கும் அதே கணினியில்தான் திறக்கப்படுகிறது என்பதை எவரும் அப்போது நினைப்பதில்லை. ஆகவே, உள்நுழைவுத் தாமதத்தைச் சரிசெய்வது பணத்தைப் பாதுகாக்கும் வேலையின் ஒரு பகுதி என்றே நாங்கள் கருதுகிறோம். அதற்கான வழிமுறைகளை, கணினித் துறை சாராத நிறுவன உரிமையாளர்களும் பின்பற்றும் வகையில் இங்கே தொகுத்திருக்கிறோம்.

கடவுச்சொல்லுக்குப் பின்னால் நடப்பது என்ன?

வீட்டிலுள்ள தனிக் கணினியில் கடவுச்சொல்லை இட்டால் அதே கணினி அதைச் சரிபார்த்துக்கொள்கிறது. அலுவலக வலையமைப்பில் நிலைமை வேறு. ஊழியர்களின் பெயர்களும் கடவுச்சொற்களும் உரிமைகளும் ஒரு மைய சர்வரில் இருக்கின்றன. விண்டோஸ் வலையமைப்புகளில் இதனை டொமைன் கன்ட்ரோலர் என்பார்கள். ஊழியர் எந்த மேசையில் அமர்ந்தாலும் அவருடைய கணினி இந்தச் சர்வரைக் கேட்டே கதவைத் திறக்கிறது.

வங்கியில் லாக்கர் திறக்க வரும் வாடிக்கையாளரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கையொப்பம் சரிபார்க்கப்படுகிறது. பதிவேட்டில் நேரம் குறிக்கப்படுகிறது. அதிகாரி தம் சாவியுடன் வருகிறார். பிறகு வாடிக்கையாளரின் சாவி சுழல்கிறது. இவற்றில் எந்தப் படியில் தடங்கல் ஏற்பட்டாலும் வெளியே காத்திருப்பவர் "லாக்கர் திறக்கத் தாமதம்" என்று மட்டுமே சொல்வார். கணினியிலும் அவ்வாறே. உள்நுழைவு என்பது ஆறு படிகளைக் கொண்டது.

முதலாவது, மைய சர்வர் எங்கே இருக்கிறது என்று கணினி முகவரி விசாரிக்கிறது. இரண்டாவது, தன்னைத் தொடுப்பவர் யார் என்பதை நிரூபித்து அனுமதிச் சீட்டுப் பெறுகிறது. மூன்றாவது, நிறுவனம் வகுத்துள்ள விதிகளைச் சர்வரிலிருந்து பெற்று நடைமுறைப்படுத்துகிறது. நான்காவது, அந்த ஊழியரின் கோப்புகளும் அமைப்புகளும் அடங்கிய தொகுப்பைக் கொண்டுவருகிறது. ஐந்தாவது, பொதுக் கோப்புறைகளையும் பிரிண்டர்களையும் இணைக்கிறது. ஆறாவது, தானாகத் தொடங்க வேண்டிய மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் திறக்கிறது. தாமதம் இந்த ஆறில் எந்தப் படியில் நிகழ்கிறது என்று கண்டறியாமல் புதிய கணினி வாங்குவது, நோய் அறியாமல் மருந்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

முதலில் அளவெடுங்கள்

செலவில்லாத நான்கு கேள்விகளுடன் தொடங்கலாம். ஒரு தாளும் கைக்கடிகாரமும் போதும்.

எல்லாக் கணினிகளிலும் தாமதமா, ஒன்றிரண்டில் மட்டுமா? எல்லாவற்றிலும் என்றால் சர்வரையும் வலையமைப்பையும் ஐயுற வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கணினியையோ அதன் கேபிளையோ பார்க்க வேண்டும்.

ஒரே ஊழியர் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் தாமதமா? அவ்வாறாயின் கோளாறு அவருடைய கோப்புத் தொகுப்பில் இருக்கக்கூடும்.

காலையில் மட்டும் தாமதமா, நண்பகலிலும் தாமதமா? காலை ஒன்பதரை மணிக்கு ஆறு நிமிடமும் பன்னிரண்டு மணிக்கு ஒரு நிமிடமும் ஆகிறது என்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் சர்வரைத் தட்டுவதே காரணம் எனலாம்.

தாமதம் எப்போது தொடங்கியது? இணைய இணைப்பு மாற்றிய வாரமா, பழைய சர்வரை அகற்றிய மாதமா, புதிய வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவிய நாளா? இக்கேள்விக்கு விடை கிடைத்தால் பெரும்பாலும் காரணமும் பக்கத்திலேயே நிற்கும்.

இவற்றுடன் எளிய சோதனை ஒன்றும் உண்டு. வேலை நேரம் முடிந்தபின், தாமதமாகும் கணினி ஒன்றின் வலையமைப்புக் கேபிளைக் கழற்றிவிட்டு, அதில் முன்பே உள்நுழைந்து பழகிய ஊழியரை மீண்டும் உள்நுழையச் சொல்லுங்கள். வைஃபை இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். சர்வரை அடைய முடியாத வேளையிலும் வேலை தடைபடக் கூடாது என்பதற்காக, அண்மையில் உள்நுழைந்தவர்களின் சரிபார்ப்பு விவரத்தை விண்டோஸ் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நிறுவன விதி அதைத் தடுத்திராவிட்டால் உள்நுழைவு நிகழும். அப்போது கணினி சட்டென்று திறந்தால் குற்றம் வலையமைப்பிலோ சர்வரிலோ இருக்கிறது. அப்போதும் அதே தாமதம் நீடித்தால் குற்றம் அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கிறது. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

தவறான முகவரிப் புத்தகம்

அலுவலக வலையமைப்புகளில் அடிக்கடி காணப்படும் காரணத்திலிருந்து தொடங்குவோம். கணினிகள் ஒன்றையொன்று பெயரால் தேடுகின்றன. பெயரைச் சொன்னால் எண் முகவரியைத் தரும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர். மைய சர்வரின் முகவரி அந்த அலுவலகத்தின் உள் டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும். ஆகவே ஊழியர்களின் கணினிகள் யாவும் உள் சர்வரையே முகவரி கேட்க வேண்டும்.

இணைய நிறுவனத்தின் பணியாளர் வந்து புதிய ரவுட்டரைப் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ரவுட்டர் தானாகவே எல்லாக் கணினிகளுக்கும் "முகவரி வேண்டுமானால் வெளியே உள்ள பொது டிஎன்எஸ்ஸைக் கேளுங்கள்" என்று அறிவிக்கத் தொடங்குகிறது. இணையதளங்கள் நன்றாகத் திறக்கின்றன. அதனால் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் காலையில் உள்நுழையும்போது, கணினி தன் அலுவலகச் சர்வரின் பெயரைச் சொல்லி வெளியுலகில் விசாரிக்கிறது. அங்கே எவருக்கும் அது தெரியாது. விடை கிடைக்காமல் மீண்டும் கேட்டு, வேறு வழிகளில் தேடி, இறுதியில் எப்படியோ கண்டுபிடிக்கிறது. அந்தத் தேடலின் நேரமே திரையில் சுழலும் வட்டம்.

தீர்வு எளியது. கணினிகளுக்கு முகவரி வழங்கும் பணியைச் சர்வரிடமே விட்டு, டிஎன்எஸ் இடத்தில் உள் சர்வரின் முகவரியை மட்டும் குறிக்க வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டாவது இடத்தில் பொது டிஎன்எஸ் முகவரியைச் சேர்ப்பதும் தவறு. கணினி அந்த இரண்டாவதையே பிடித்துக்கொள்ளும் தருணங்கள் உண்டு; அந்த நாட்களில் மட்டும் தாமதம் தோன்றி, காரணம் கண்டுபிடிப்பதை இன்னும் கடினமாக்கும். வெளி முகவரிகளை விசாரிக்கும் பொறுப்பை உள் சர்வரே ஏற்றுக்கொள்ளும்.

கடிகாரம் பிசகினால்

இரண்டாம் படியில் வழங்கப்படும் அனுமதிச் சீட்டுக்கு நேர முத்திரை உண்டு. பழைய சீட்டை எவரேனும் திருடிப் பயன்படுத்துவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. விண்டோஸ் வலையமைப்பின் வழக்கமான அமைப்பில், கணினியின் கடிகாரத்துக்கும் சர்வரின் கடிகாரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் சீட்டு மறுக்கப்படும். அதன் விளைவு சில வேளைகளில் தாமதம், சில வேளைகளில் முழு மறுப்பு.

பழைய கணினிகளில் மதர்போர்டின் மீதுள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வந்ததும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். மலிவான ஒரு பேட்டரியை மாற்றினால் தீரும் பிரச்சினைக்காகக் கணினியையே மாற்றியோர் உண்டு. எல்லாக் கணினிகளும் மைய சர்வரின் நேரத்தைப் பின்பற்ற வேண்டும். மைய சர்வர் நம்பகமான நேர மூலத்தைப் பின்பற்ற வேண்டும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் பிறப்பித்த வழிகாட்டுதல்கள், நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் நேரத்தைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களுடனோ, அவற்றுடன் இணங்கிச் செல்லும் பிற சர்வர்களுடனோ ஒத்திசைக்குமாறு கூறுகின்றன. உள்நுழைவு விரைவாவதுடன், பிற்காலத்தில் ஏதேனும் மோசடி நிகழ்ந்தால் எந்தக் கணினியில் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று ஐயமின்றி நிறுவவும் இது உதவும்.

சுமக்க முடியாத மூட்டை

சில அலுவலகங்களில் ஊழியரின் கோப்புத் தொகுப்பு முழுவதும் சர்வரில் இருக்கும். அவர் எங்கே உள்நுழைந்தாலும் அது அந்தக் கணினிக்கு வந்து சேரும். வெளியேறும்போது மீண்டும் சர்வருக்குத் திரும்பும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸ் கோப்புறையிலும் ஊழியர் எதைச் சேர்த்து வைத்தாலும் அதுவும் இந்த மூட்டையில் சேரும். திருமணக் காணொளி, பழைய விலைப்பட்டியல்கள், மூன்று ஆண்டுகளுக்கு முன் தரவிறக்கிய மென்பொருள்கள் எல்லாம் தினமும் பயணம் செய்கின்றன.

இதன் கணக்கு எளிது. இரண்டு ஜிகாபைட் அளவுள்ள தொகுப்பை விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் கொண்டுவர, எவ்விதத் தடையும் இல்லாவிட்டாலும் 160 விநாடிகள் ஆகும். ஆயிரம் மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அது 16 விநாடிகள். எனினும் பத்து பேர் ஒரே நேரத்தில் உள்நுழைந்து, சர்வருக்கு இருக்கும் ஆயிரம் மெகாபிட் பாதையைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவருக்கும் மீண்டும் 160 விநாடிகள் ஆகிவிடும். காலை ஒன்பதரை மணியின் நெரிசலுக்கு இதுவே விளக்கம்.

டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற கோப்புறைகளைச் சர்வரிலேயே நிலையாக வைத்து, தேவைப்படும் கோப்பை மட்டும் திறக்கும் வகையில் திருப்பிவிடும் வசதி விண்டோஸில் உண்டு. அதைச் செய்துவிட்டால் உள்நுழைவின்போது சுமந்து வர வேண்டியது மிகச் சிறிய தொகுப்பாகிவிடும். அதுவரை, ஊழியர்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தேவையற்ற கோப்புகளை நீக்குவதே பெரிய பலன் தரும்.

இல்லாத சர்வரைத் தேடும் கணினி

பழைய சர்வர் ஒன்றை அகற்றிவிட்டோம். பழுதான பிரிண்டரை எடைக்குப் போட்டுவிட்டோம். ஆனால் ஊழியரின் உள்நுழைவு விதியில் "அந்தச் சர்வரின் கோப்புறையை இணை, அந்தப் பிரிண்டரைச் சேர்" என்னும் கட்டளை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கணினி அந்த இல்லாத முகவரியைத் தட்டி, பதில் வரும் என்று காத்திருந்து, பிறகே அடுத்த வேலைக்குச் செல்கிறது. இப்படி இரண்டு மூன்று கட்டளைகள் சேர்ந்தால் நிமிடங்கள் போய்விடும்.

ஊழியர் ஒருவரின் கணினியில் "திஸ் பிசி" என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள். சிவப்புப் பெருக்கல் குறியுடன் நிற்கும் வலையமைப்பு டிரைவ் ஏதேனும் இருந்தால் அது நீக்கப்பட வேண்டியதா என்று கேளுங்கள். பிரிண்டர்கள் பட்டியலில் இப்போது இல்லாதவை இருந்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்நுழைவு விதிகளிலிருந்து இவற்றை நீக்குவது கணினிப் பராமரிப்பாளருக்கு அரை நாள் வேலைக்குமேல் ஆகாது.

எந்த விதி எத்தனை விநாடி எடுத்துக்கொள்கிறது என்பதை விண்டோஸே பதிவு செய்து வைக்கிறது. ஈவென்ட் வியூவர் என்னும் பதிவேட்டில், குரூப் பாலிசி பிரிவைத் திறந்தால் ஒவ்வொரு படியின் நேரமும் அங்கே இருக்கும். உள்நுழைவின்போது கணினி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைத் திரையிலேயே விரிவாகக் காட்டச் செய்யும் அமைப்பும் உண்டு. உங்கள் பராமரிப்பாளரிடம் ஒரு வாரத்துக்கு அதை இயக்கி வைக்கச் சொல்லுங்கள். திரை எந்த வாசகத்தில் நெடுநேரம் நிற்கிறதோ அங்கேதான் தாமதம். ஊகத்துக்கு இடமிருக்காது.

கேபிளும் சுவிட்சும்

மேசைக்கு அடியில் கிடக்கும் வலையமைப்புக் கேபிளை எவரும் கவனிப்பதில்லை. அதனுள் நான்கு இணைக் கம்பிகள் உள்ளன. விநாடிக்கு ஆயிரம் மெகாபிட் வேகத்துக்கு நான்கும் தேவை. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டே போதும். நாற்காலிச் சக்கரம் ஏறியோ எலி கடித்தோ ஓர் இணை பழுதானால் பல வேளைகளில் இணைப்பு அறுந்துபோவதில்லை. வேகத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டேயிருக்கும். அதனால்தான் குறை வெளியே தெரிவதில்லை. கணினியின் வலையமைப்பு நிலையைத் திறந்து பார்த்தால் வேகம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். ஒன்றில் ஆயிரம் என்றும் மற்றொன்றில் நூறு என்றும் இருந்தால், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய பழைய சுவிட்சும் நூறோடு நின்றுவிடும் வகையாக இருக்கலாம். சுவிட்சிலிருந்து கணினி வரையிலான செப்புக் கேபிள் நூறு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். கிடங்குகளிலும் தொழிற்கூடங்களிலும் இந்த வரம்பு எளிதில் மீறப்படுகிறது.

கணினியின் உள்ளே

கேபிளைக் கழற்றிச் செய்த சோதனையிலும் தாமதம் நீடித்ததா? அப்படியானால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டுகளைக் கொண்ட பழைய வகை டிஸ்க், உள்நுழைவின்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடித் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. அசையும் பாகம் எதுவும் இல்லாத எஸ்எஸ்டி வகைக்கு மாற்றினால், கணினியை மாற்றாமலேயே பெரும் வேறுபாட்டைக் காணலாம். நினைவகம் நான்கு ஜிகாபைட்டாக இருந்தால் எட்டாக உயர்த்துவதும் பயன் தரும்.

இரண்டாவது, தானாகத் தொடங்கும் மென்பொருள்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்னும் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொன்றும் தொடக்கத்தை எவ்வளவு பாதிக்கிறது என்று அதுவே சொல்லும். அலுவலக வேலைக்குத் தொடர்பில்லாதவற்றை அங்கேயே முடக்கிவிடலாம்.

மூன்றாவது, வைரஸ் தடுப்பு மென்பொருள் முழுக் கணினியையும் சோதிக்கும் நேரம். காலை ஒன்பதரைக்கு அது அமைந்திருந்தால் மதிய உணவு வேளைக்கு மாற்றுங்கள். அந்த மென்பொருளையே நிறுத்திவிடச் சொல்லும் ஆலோசனையை மட்டும் ஏற்காதீர்கள்.

சிறு குறிப்பு ஒன்று. விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தால், விரைவாகத் தொடங்குவதற்காகப் பழைய நிலையின் ஒரு பகுதி பல கணினிகளில் அப்படியே சேமிக்கப்படும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யும் வழக்கம் நல்லது. மேலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 14 அக்டோபர் 2025 அன்று நிறுத்தியது. இன்னும் அதிலேயே இயங்கும் கணினிகளில் வேகத்தைச் சரிசெய்யச் செலவிடும் முன், அவற்றைப் புதிய பதிப்புக்கு மாற்ற இயலுமா என்று கேட்டுக்கொள்வது சிக்கனமாகும்.

செய்யக் கூடாத குறுக்குவழிகள்

தாமதம் தாங்காமல் சில அலுவலகங்கள் கையாளும் வழிகள், தாமதத்தைவிடக் கேடானவை. கடவுச்சொல்லே இல்லாமல் கணினி தானாகத் திறக்கும்படி அமைப்பது. எல்லோருக்கும் ஒரே பயனர் பெயர் கொடுப்பது. எல்லா ஊழியர்களுக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை அளிப்பது. கணினி தானாகப் பூட்டிக்கொள்ளும் நேரத்தை நீக்கிவிடுவது. இவை ஒவ்வொன்றும் சில நிமிடங்களை மிச்சப்படுத்தும். பதிலாக, யார் எதைச் செய்தார் என்று கண்டறியும் வழியையே அழித்துவிடும்.

நிறுவனங்களுக்கான இணைய வங்கிச் சேவையில், பணப் பரிமாற்றத்தை ஒருவர் பதிவு செய்ய, மற்றொருவர் ஒப்புதல் அளிக்கும் முறை இருக்கிறது. ஒரே மனிதரின் தவறோ தீய எண்ணமோ நிறுவனத்தின் பணத்தைக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட முறை அது. இரண்டு பேரின் கடவுச்சொற்களும் ஒரே கணினியின் பிரவுசரில் சேமிக்கப்பட்டிருந்தால், அந்தக் கணினியும் நாள் முழுதும் பூட்டப்படாமல் இருந்தால், அந்தப் பாதுகாப்பு பெயரளவில் மட்டுமே எஞ்சும். ஒருமுறைக் கடவுச்சொல் வரும் கைபேசியையும் கணக்காளரிடமே கொடுத்து வைத்திருந்தால் அதுவும் எஞ்சாது. மேலும், நெஃப்ட் சேவை 2019 டிசம்பர் முதலும் ஆர்டிஜிஎஸ் சேவை 2020 டிசம்பர் முதலும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகின்றன. ஆகவே அலுவலகம் மூடிய பிறகு திறந்து கிடக்கும் கணினியிலிருந்தும் பணம் வெளியேற முடியும்.

அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பைக் குறித்து, 2017 ஜூலை 6 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின் சாரத்தை இங்கே நினைவூட்டுகிறோம். வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் குற்றமின்றி, வேறெங்கோ ஏற்பட்ட பாதுகாப்பு மீறலால் பணம் போயிருந்து, வாடிக்கையாளர் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், இழப்பு அவரைச் சாராது. ஆனால் கடவுச்சொல் போன்ற விவரங்களை மற்றவரிடம் பகிர்ந்த கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதையும் வாடிக்கையாளரே ஏற்க வேண்டும். திரையில் ஒட்டிய அந்தச் சிறு தாளின் விலை இதுவாகவும் இருக்கக்கூடும். ஏதேனும் ஐயத்துக்குரிய பரிவர்த்தனை தென்பட்டால், உடனே வங்கிக்கும் 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

பராமரிப்பாளரிடம் கேட்க வேண்டியவை

வலையமைப்புப் பராமரிப்புக்கு ஆண்டு ஒப்பந்தம் செய்திருக்கும் நிறுவனங்கள், அதைப் புதுப்பிக்கும் முன் இந்தக் கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெறலாம்.

எல்லாக் கணினிகளும் உள் டிஎன்எஸ்ஸை மட்டுமே பயன்படுத்துகின்றனவா? சர்வரும் கணினிகளும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா, அந்த நேரம் எங்கிருந்து பெறப்படுகிறது? ஊழியர்களின் கோப்புத் தொகுப்புகளில் மிகப் பெரியது எது? அகற்றப்பட்ட சர்வர், பிரிண்டர் எவையேனும் உள்நுழைவு விதிகளில் எஞ்சியுள்ளனவா? எந்தெந்த மேசைகளில் வலையமைப்பு வேகம் நூறு மெகாபிட்டாகக் குறைந்துள்ளது? சுழலும் ஹார்டு டிஸ்க்குடன் இன்னும் எத்தனை கணினிகள் இருக்கின்றன? பணியிலிருந்து விலகிய ஊழியர்களின் பயனர் பெயர்கள் முடக்கப்பட்டுவிட்டனவா? கடைசிக் கேள்வி வேகத்தைச் சார்ந்ததன்று. ஆயினும் பட்டியலைத் திறந்து பார்க்கும்போதே அதையும் முடித்துவிடுவது நல்லது.

செலவின் வரிசையையும் மனத்தில் கொள்ளுங்கள். முகவரி அமைப்பு, கடிகாரம், பழைய கட்டளைகள் ஆகியவற்றைச் சரிசெய்யப் பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. கேபிளும் பேட்டரியும் சிறு செலவு. எஸ்எஸ்டியும் நினைவகமும் அடுத்த நிலை. புதிய சர்வரும் புதிய கணினிகளும் கடைசியில் வர வேண்டும். அதற்கும் தேவை இருப்பதாக அளவீடுகள் காட்டினால், உங்கள் கிளையின் மேலாளரை அணுகுங்கள். சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் இயந்திரங்களும் கருவிகளும் வாங்குவதற்கான கடன் வசதிகளை அவர் விளக்குவார்.

அடுத்த திங்கட்கிழமை முதல் ஒரு வாரம், உங்கள் அலுவலகத்தில் ஐந்து கணினிகளைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல் இட்ட நேரத்தையும் வேலை தொடங்க முடிந்த நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். மாற்றங்களைச் செய்தபின் இன்னொரு வாரம் எழுதச் சொல்லுங்கள். உள்நுழைவு அரை நிமிடமாகக் குறைந்த அலுவலகத்தில், இருக்கையை விட்டு எழும்போது கணினியைப் பூட்டும்படி ஊழியரிடம் சொல்வதற்கு உங்களுக்குத் தயக்கம் இராது. பூட்டுவதற்கு அவருக்கும் தயக்கம் இராது.